மூடி திறந்தபோது

கறியைப் புகையிலேயே வேகவைக்கும் கரியடுப்பு ஒன்று, தன் சூட்டைக் கவனிக்க ஒரு தானியங்கிக் கருவியைத் தேடியது. பெரியதும் சின்னதுமாக இரண்டு வந்தன. இரண்டிலும் விசிறி உண்டு. சூடு குறைந்தால் கரிமேல் காற்று வீசும்.

"ஆளுக்கொரு ஆட்டுத்தொடை, ஆறு மணி நேரம். கருகக் கூடாது," என்றது அடுப்பு.

முதல் நாள் பெரியதன் முறை. சமையல்காரர் அமலதாஸுக்குப் பொறுமை கிடையாது. அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பார். திறந்ததுமே சூடு சட்டென்று இறங்கியது. பெரியது பதறிப்போய் ஊதித் தள்ளியது. கரி கொழுந்துவிட்டு எரிந்தது. தொடையும் கரியாயிற்று.

மறுநாள் சின்னது. அன்றும் மூடி திறந்தது, சூடு இறங்கியது. சின்னதன் விசிறி அசையவில்லை.

"சூடு இறங்குது, சும்மா இருக்கியே!" என்று கத்தியது பெரியது.

"கரி அணைஞ்சா மெதுவாத்தான் இறங்கும். இப்படி ஒரேயடியா இறங்கினா மூடியைத் திறந்திருக்காருன்னு அர்த்தம். பார்த்துட்டு மூடிடுவாரு."

மூடினார். சூடு தானாக ஏறியது. மாலையில் கறி, தொட்டதும் எலும்பைவிட்டுக் கழன்று வந்தது.

"எல்லாம் என் கைப்பக்குவம்!" என்றார் அமலதாஸ்.

அடுப்பு பெருமிதத்தோடு சின்னதைப் பார்த்தது. அந்தப் பார்வைக்கும் சின்னதன் விசிறி அசையவில்லை.