213ஆம் பக்கத்திலிருந்து

ஆறு நாடுகளில் இருக்கும் தோழிகள் எங்கள் ஆறு பேருக்கும் உயிரான நாவல் ஒன்றுதான், அதுவும் ஒரே பிரதி. படித்தவள் கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு அடுத்தவளுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும்.

என் முறை வந்தபோது அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அம்மா கைநாட்டு. 212ஆம் பக்கத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். வெறுத்துப்போய், நானும் முடிக்காமல், கையெழுத்தும் போடாமல் அனுப்பிவிட்டேன்.

இன்று புத்தகம் திரும்பி வந்தது. 213இலிருந்து பக்கத்துக்குப் பக்கம் நீலப் பெருவிரல் ரேகை. கடைசியாக அனுப்பிய நர்ஸ் தோழியைப் போனில் பிடித்தேன்.

"எவடி மையைத் தேச்சது?"

"கத்தாதடி பிசாசே. நான் பார்சல் கட்டும்போது சுத்தமா இருந்துச்சு."

ரேகையின் குறுக்கே, தையல் மெஷின் ஊசி ஏறிய அம்மாவின் தழும்பு. கடைசித் தாளில் ஐந்து கையெழுத்துகள். என் இடத்தில் அதே ரேகை. என்னை முந்திவிட்டாள். சிரிப்பு வந்தது. தொட்டுப் பார்த்தேன், விரலில் மை ஒட்டியது.