முதல் முடிச்சு

ஆக்னஸின் இரண்டு கைகளும் அவன் வலது தோள்பட்டைக்கு அடியில் இருந்தன.

அழுத்தவில்லை. காத்திருந்தன.

ஆஸ்டியோபதி என்றால் எலும்பைப் பிடித்துச் சொடுக்குவார்கள் என்று பயந்துதான் முதல் நாள் வந்தான். இங்கே இயந்திரம் எதுவும் இல்லை. உயரமான ஒரு கட்டில். அவளுடைய வெறும் கைகள். தோளைத் தொடுவதற்கு முன் விலாவைத் தொட்டாள். பிறகு கழுத்தை.

"தோள் மட்டும் இறுகல சார். நீங்க மூச்ச முழுசா விடுறதே இல்ல" என்றாள் அன்று.



எட்டு மாதமாகவே அப்படித்தான்.

லாரி உரசியது. பைக் சாய்ந்தது. அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த சுகன்யா எழுந்திருக்கவில்லை.

எலும்பு கூடிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக் காட்டினார்கள். கை மட்டும் நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை. பள்ளியில், கரும்பலகையின் கீழ்ப்பாதியில் கணக்குப் போட்டான். கடைசி பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்று எழுதிக்கொண்டார்கள். ஒருவன்கூட முணுமுணுக்கவில்லை.

அதுதான் தாங்கவில்லை.

அக்காதான் இங்கே கூட்டி வந்தாள். "போர்டுல மேல எழுத வேணாமாடா? அந்தப் பிள்ளைங்க எத்தன நாளைக்கு எட்டி எட்டிப் பாக்கும்?"

அந்த ஒரு காரணத்துக்காக ஒப்புக்கொண்டான். வேறு எதற்கும் அந்தக் கை தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் அக்காவின் ஸ்கூட்டரில் வருவான். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

அறையின் மூலையில் துண்டு சுற்றிய இரும்புக் கம்பம் ஒன்று நின்றது. சிகிச்சை முடிந்ததும் ஒரு வெள்ளை நாடாவை ஆக்னஸ் அவனிடம் கொடுப்பாள். கம்பத்தைச் சுற்றிக் கொண்டுபோய், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் முடிச்சுப் போட வேண்டும். முதலில் இடுப்பு உயரத்தில். பிறகு வயிற்றுக்கு நேராக. பிறகு நெஞ்சு. போன வாரம் அதற்கும் கொஞ்சம் மேலே.

வீட்டிலும் செய்தான். ஜன்னல் கம்பியில், தினம் இருபது தடவை. சமையலறை வாசலில் நின்று அக்கா பார்ப்பாள்.

"இன்னும் கொஞ்சம் மேலடா."

அவனும் இன்னும் கொஞ்சம் மேலே கட்டுவான்.

இன்று ஆக்னஸ் கம்பத்தை ஒட்டிப் பாய் விரித்தாள்.

"சம்மணம் போட்டு உக்காருங்க சார். கம்பம் உங்க வலது பக்கம் இருக்கட்டும். லேசா திரும்பிக்கங்க. ரெண்டு கையும் ஒண்ணா போகணும்."

உட்கார்ந்தான். நாடாவோடு கைகள் மேலே போயின. நெஞ்சைத் தாண்டின. தோளைத் தாண்டின.

வலிக்காகக் காத்திருந்தான். அன்றிலிருந்து அவனை விட்டுப் போகாதது அது ஒன்றுதான்.

வரவில்லை.

விரல்கள் தாமாகவே ஒன்றையொன்று தேடிக்கொண்டன. முடிச்சு விழுந்தது.

"பாத்தீங்களா!" ஆக்னஸ் கை தட்டினாள். அவள் சந்தோஷம் உண்மையானது.

"போர்டுல நின்னுதான எழுதணும்" என்றான். "எதுக்கு உக்காந்து?"

அவள் சிரித்தாள். அவன் விளையாடுகிறான் என்று நினைத்திருக்க வேண்டும்.

"கூச்சப்படாதீங்க சார். நீங்க போட வேண்டியது ஒரு முடிச்சுதான். தைக்குள்ள தாராளமா பழகிரும். மத்த ரெண்டையும் தான் பாத்துக்கறேன்னு அக்கா முத நாளே சொல்லிட்டாங்களே."

மின்விசிறி சுற்றியது.

நாடாவின் நுனி அதன் காற்றில் ஆடியது.

சுகன்யாவின் கழுத்தில் முதல் முடிச்சு அவன் போட்டது. பின்னாலிருந்து குனிந்து மற்ற இரண்டையும் இறுக்கியவள் அக்கா. ஆஸ்பத்திரியில் அதைக் கழற்றிக் கொடுத்தபோது கையில் வாங்கியதும் அவள்தான். சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். அவனால் அழ முடியவில்லை. தனக்கும் சேர்த்து அவள் அழுகிறாள் என்று அன்று நினைத்துக்கொண்டான்.

இன்னும் கொஞ்சம் மேலடா.

முடிச்சை அவிழ்த்தான். அதற்கும் கை வலிக்கவில்லை.

நாடாவை மடித்துக் கட்டிலின் மேல் வைத்தான். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க சார்" என்றாள் ஆக்னஸ். அவன் கதவைத் திறந்திருந்தான்.

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். முகமெல்லாம் எதிர்பார்ப்பு.

"எவ்வளவு வருது? தூக்கிக் காட்டு."

தூக்கினான்.

இடுப்பு. வயிறு. நெஞ்சு.

அங்கே நிறுத்தினான்.

"போன வாரமே இதுக்கு மேல வந்துச்சேடா."

"இறங்கிருச்சு."

அக்கா அவன் கையைப் பார்க்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை.

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.