புடலைப் பந்தலில் ஒரு பூசணி

ஒரு தோட்டத்தில் பூசணிக்கொடி ஒன்று வழி தவறிப் புடலைப் பந்தலில் ஏறிவிட்டது. அந்தக் கொடியில் காய்த்துத் தொங்கியவள்தான் செம்பி.

தரையில் கிடந்த பெரியம்மா பூசணிகள் தினமும் அண்ணாந்து பார்த்து, "அடியே, இப்படி இளைச்சுப் போயிட்டியே! இன்னும் ரெண்டு சுற்றுப் பெருத்தாத்தானே நாலு பேர் மதிப்பாங்க?" என்று அங்கலாய்த்தன.

பக்கத்தில் தொங்கிய புடலங்காய் நீளாயியோ, "ஏய் குண்டு, இது இடுப்பா, அண்டாவா? எங்களைப் பாரு, மெலிஞ்சு நீளணும்னு நுனியிலே கல்லைக் கட்டிக்கிட்டுத் தொங்குறோம்" என்று பீற்றிக்கொண்டாள்.

யார் பேச்சைக் கேட்பதென்று செம்பிக்குத் தெரியவில்லை. காலையில் பெரியம்மாக்களுக்காக மூக்குமுட்டத் தண்ணீர் குடித்தாள். மாலையில் நீளாயிக்காக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு தொங்கினாள். நாலாம் நாள் அவளுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. விக்கிய விக்கலில் பந்தலே ஆடியது, காம்பு இற்றுப்போகப் பார்த்தது.

"ஐயோ, விழப்போறேன்!" என்று அலறினாள்.

பந்தல் ஆடுவதைப் பார்த்துத் தோட்டக்காரர் சடையாண்டி கயிற்றோடு ஓடிவந்தார்.

"உனக்கும் கல்லுதான்!" என்று நீளாயி குதித்தாள்.

அவரோ ஒரு சாக்கை விரித்துச் செம்பியை அதில் உட்காரவைத்து, நாலு மூலையிலும் கயிறு கட்டிப் பந்தலோடு சேர்த்து முடிந்தார். காற்றில் மெல்ல ஆடியபடி செம்பி நிம்மதியாக மூச்சு விட்டாள். விக்கல் நின்றுபோனது.

"எங்களுக்குக் கல்லு, இவளுக்கு ஊஞ்சலா?" என்று புடலங்காய்கள் கொதித்தன.

மறுநாள் விடிந்தபோது பந்தல் முழுக்கப் புடலங்காய்கள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தொங்கின. நீளாயி மட்டும் செம்பியின் காதருகே குனிந்து குழைந்தாள்:

"அக்கா, கொஞ்சம் நகர்ந்து உட்காரேன்."