அம்பயர் கையில் இரும்பு

"தள்ளுங்க, தள்ளுங்க! கையில இரும்பு குடுக்கணும்!"

ராம்பிரசாத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினான். பிட்ச் ஓரத்துப் புல்லில் அம்பயர் ஏரம்பமூர்த்தி கை கால்களை உதறியபடி கிடந்தார். கார் சாவி பிளாஸ்டிக் என்பதால், விரி தொழிற்பேட்டையில் தான் வேலை பார்க்கும் கிடங்கின் கனத்த சாவிக்கொத்தையே அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

முகத்தில்தான் பதற்றம். உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

பின்னே இருக்காதா? போன வருடம் தமிழ் லீக் இறுதி ஆட்டத்தில், லெக் ஸ்டம்பை விட்டு எங்கேயோ போன பந்துக்கு இதே மனுஷன்தான் விரலைத் தூக்கினார். ராம்பிரசாத் அவுட், அவன் கேப்டனாகவும் மேனேஜராகவும் கட்டிக் காத்த அணிக்குக் கோப்பையும் இல்லை. அவன் மட்டையை ஓங்கித் தரையில் அடித்த வீடியோ பிளாட் புஷ் வட்டாரத்தின் அத்தனை தமிழ் வாட்ஸ்அப் குழுக்களையும் சுற்றி வந்தது. சொந்த மனைவியே அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டாள். அன்றைக்கே மனதுக்குள் கறுவிக்கொண்டான்.

வாய்ப்பு இந்த சீசன் தொடக்கத்தில் தானாக வந்தது. அம்பயர்கள் தங்கள் நோயையும் மருந்தையும் எழுதி, ஒட்டிய கவரில் ஒவ்வொரு அணி மேனேஜரிடமும் கொடுத்து வைக்க வேண்டும் என்பது லீக்கின் விதி. அவர்கள் மைதானத்தில் விழுந்தால்தான் கவரைப் பிரிக்கலாம். இல்லாவிட்டால் கடைசியில் அப்படியே திருப்பித் தர வேண்டும்.

ராம்பிரசாத் அன்று மாலையே கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்துவிட்டான். 'வலிப்பு உண்டு' என்று எழுதியிருந்தது. படித்த சுவடே தெரியாமல் மறுபடி ஒட்டி வைத்தான்.

ஏரம்பமூர்த்தியின் ஒரே மகள் வித்தியாவை, ஏவன்டேல் சுந்தரமூர்த்தியின் மகனுக்குப் பேசி முடித்திருந்த நேரம் அது. பெண்ணைப் பெற்றவனை எங்கே அடித்தால் வலிக்கும் என்று ராம்பிரசாத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம்பரை மறைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பாவுக்கு போன் போட்டான். திருச்சிக்காரன் அன்று யாழ்ப்பாணத்தான் ஆனான்.

"ஓம் அண்ணை, ஓம். உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். பொம்பிளையின்ர தகப்பனுக்கு வலிப்பு. பரம்பரை நோய்."

"ஆர் கதைக்கிறது?" என்று சுந்தரமூர்த்தி கேட்பதற்குள் போனை வைத்துவிட்டான்.

கொஞ்ச நாளில், ஏவன்டேல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சேதி காதில் விழுந்தது. வித்தியாவின் சம்பந்தம் நின்றுபோனதாம். அன்று வீட்டுக்குக் கத்தரிக்காயோடு ஜிலேபியும் வாங்கிப் போனான். பெண்ணின் முகம் ஒரு கணம் கண்ணில் வந்து போனதென்னவோ உண்மை. ஆனால் அந்த வீடியோவும் கூடவே வந்தது.

இன்றைக்கு நடந்தது அதற்கும் மேலே. ஓவர் முடிந்ததும் ஏரம்பமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் போட்டு, பட்டனையும் மாட்டினார். அடுத்த நொடி தடாலென்று விழுந்தார். ஸ்கோரர் மேசைப் பக்கம் சாட்சாத் சுந்தரமூர்த்தியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட வரத்தைத் தெய்வம் நேரில் வந்து கொடுத்தது போல் ராம்பிரசாத்துக்குப் புல்லரித்தது.

"கவரை உடையுங்கோ அண்ணை, நான் ஆம்புலன்சுக்கு அடிக்கிறன்" என்று போனை எடுத்தார் எதிரணி மேனேஜர் ரஜிதன்.

"கவர் எதுக்குங்க? இவருக்கு வலிப்புங்க! பரம்பரை நோய்!" ஸ்கோரர் மேசை வரைக்கும் கேட்கட்டும் என்று தொண்டை கிழியக் கத்தினான் ராம்பிரசாத். இதற்குமேல் அந்தக் கல்யாணப் பேச்சு எழுந்திருக்கவே கூடாது.

சுந்தரமூர்த்தி நிதானமாக நடந்து வந்தார். ரஜிதனின் போனைக் கையால் மறைத்தார். பிறகு அம்பயர் பக்கம் குனிந்தார்.

"போதும் சம்பந்தி, எழும்புங்கோ."

கை கால் உதறல் சட்டென்று நின்றது. ஏரம்பமூர்த்தி எழுந்து உட்கார்ந்து, முழங்கையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

ராம்பிரசாத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "சம்பந்தியா? அப்ப... கல்யாணம் நின்னுபோச்சுன்னு..."

"அந்த போன் வந்த பிறகு நாங்களே பரப்பினது அது. ஆவணியில கலியாணம்" என்றார் சுந்தரமூர்த்தி.

ரஜிதன் அவன் பக்கம் திரும்பினார். "கவர் உடைக்கேல்ல. பிறகு எப்பிடி அண்ணை பரம்பரை வலிப்பெண்டு தெரியும்?"

அத்தனை முகமும் தன்னையே பார்ப்பது ராம்பிரசாத்துக்கு உறைத்தது. அந்த வீடியோ எடுத்த பையன்கள் இன்றைக்கும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"ஊரே பேசுதுங்களே!" என்று குரலை உயர்த்தினான். "எல்லா டீமுக்கும்தானே சார் கவர் குடுத்தீங்க? எவன் பிரிச்சானோ, எவன் சொன்னானோ! என்னை மட்டும் ஏன் எல்லாரும் பாக்குறீங்க?"

ஏரம்பமூர்த்தி எழுந்து நின்றார். அவர் குரலில் கோபமே இல்லை.

"போன வருசம் கவரைப் பிரிச்சு என்ர சுகர் வருத்தத்தை ஆரோ ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டினம். அதால இந்த முறை ஒவ்வொரு கவரிலயும் ஒவ்வொரு பொய் நோய் எழுதினனான். வலிப்பு உங்கட கவரில மட்டும்தான், தம்பி."