டைட்டானியம் உருகிய பூந்தொட்டி

வீட்டிலேயே டைட்டானியம் செய்து காட்டுகிறேன் என்று அருளப்பன் கிளம்பினார். மல்லிகை வளர்ந்த மண்தொட்டியைக் கொல்லையில் மணலுக்குள் கழுத்துவரை புதைத்து, டைட்டானியம் அடங்கிய வெள்ளைப் பொடியையும் அலுமினியத் தூளையும் அதற்குள் கொட்டினார்.

“ஏன் இப்படி மேலே விழுகிறாய்?” என்று தொட்டி மணலிடம் சிடுசிடுத்தது.

“நீ மெதுவாகத்தானே எரிவாய்?” என்று தொட்டி அலுமினியத்தைக் கேட்டது.

“பற்றிக்கொண்டால் என்னாலேயே நிறுத்த முடியாது.”

அருளப்பன் பற்றவைத்ததும் தீ சீறியது. தொட்டி மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. சிதறப்போகிறோம் என்று நடுங்கியது.

“சாய்ந்துகொள், நான் பிடித்துக்கொள்கிறேன்,” என்றது மணல்.

தீ அடங்கியது. உருகியதில் ஒரு சொட்டும் வெளியே ஒழுகவில்லை. ஆறியதும் பட்டாணி அளவு உலோகத்தை எடுத்துக்கொண்டு அருளப்பன் உள்ளே ஓடினார். தொட்டி பெருமூச்சு விட்டது.

“கொஞ்ச நேரம் இப்படியே உன்மேல் சாய்ந்திருக்கட்டுமா?” என்று மணலிடம் கேட்டது.