ஆறாத கால்

"ஏம்மா, இந்தக் கட்டை எப்பத்தான் அவிழ்க்கப் போறே?"

மாடிப்படியில் பாதி இறங்கி நின்றுகொண்டு ஓனரம்மா கேட்டார். கீழே வாசலில் படுத்திருந்த நாய், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததுபோல, கட்டுப் போட்ட வலது முன்னங்காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக் காட்டியது.

"எலும்பும்மா. சட்டுனு ஒண்ணு சேராது" என்றாள், கீழ் வீட்டில் புதிதாகக் குடிவந்தவள்.

"ஆஸ்பத்திரியில கட்டுப் போடுறதே உன் வேலை. உன் கையால போட்ட கட்டுக்கே இத்தனை நாளா?"

"மனுஷங்கன்னா அசையாம இருங்கன்னு சொல்லலாம். இது கேக்குதா?"

"நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? கட்டு இருக்கிற வரைக்கும்தான் நாய். கட்டை அவிழ்த்துட்டா நாய் போகணும். இல்லேன்னா நீங்க போகணும். வீட்டைக் காட்டும்போதே சொல்லித்தானே விட்டேன், நாய் பூனையெல்லாம் நமக்கு ஆகாதுன்னு."

"ஞாபகம் இருக்கும்மா."

ஓனரம்மா கடுகடுவென்று படியேறிப் போனார். அவர் சிரித்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லையாம். பக்கத்து வீட்டில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

புது ஊர், புது வேலை, புது வீடு எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. சாமான் ஏற்றி வந்த லாரி, கேட்டுக்குள் பின்பக்கமாக நுழையும்போது ஒரு தெருநாயை இடித்துவிட்டது. பீரோவை இறக்குவதற்கு முன்பே அவள் பெட்டியைக் குடைந்து கட்டுத்துணியை எடுத்துவிட்டாள். நாய்க்கு 'லாரி' என்றே பெயர் விழுந்தது. "அடிபட்ட ஜீவனைத் துரத்தினவள்னு எனக்குப் பேர் வேண்டாம்" என்று ஓனரம்மாவும் அரை மனதாகச் சம்மதித்தார்.

சின்ன வீடுதான். ஆனாலும் சமையலறை ஜன்னலைத் திறந்தால் வெயில் கேட்காமலே உள்ளே வரும். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். "இவங்க கட்டுப் போட்டா நான் மறுபடி பார்க்க வேண்டியதில்லை" என்று எலும்பு டாக்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சாயங்காலம் வீடு திரும்பினால், லாரி வாலை ஆட்டுகிற வேகத்தில் அதன் உடம்பே ஆடும். அவளுக்கு மனசு நிறைந்துபோகும். இந்த வீட்டையும் விட முடியாது, இந்த நாயையும் விட முடியாது என்று ஆகிவிட்டது.

அன்று சாயங்காலமும் கதவைத் தாழிட்டாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, லாரியின் கட்டை அவிழ்த்தாள். அவ்வளவுதான். லாரி ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி, சோபாவில் ஏறிக் குதித்து, அவள் கணவனின் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு சமையலறைக்குப் பறந்தது.

"கால் ஆறி எத்தனை நாளாச்சு! இன்னும் எதுவரைக்கும் இந்த நாடகம்?" என்றான் கணவன்.

"ஓடற வரைக்கும் ஓடட்டும்."

"உனக்குப் பொய்யே சொல்ல வராதேடி!"

"நான் எங்க பொய் சொன்னேன்? கட்டுதானே போட்டேன்?"

"அந்தம்மா ஒரு நாள் கிட்ட வந்து தொட்டுப் பார்த்தா?"

"தொடவே மாட்டாங்க. நாயைக் கண்டாலே படியை விட்டு இறங்குறதில்லை" என்றபடி கட்டுத்துணியை அலசிக் குளியலறைக் கொடியில் போட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரமே கூப்பிட்டுவிட்டார்கள். அரக்கப் பரக்க ஓடினாள். ஒரு பெரியவரின் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குப் பகீரென்றது. லாரியின் கட்டு இன்னும் கொடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

முகம் வெளிறிப்போனதைப் பார்த்த பெரியவர், "என்னம்மா, என் கை அவ்வளவு மோசமா இருக்கா?" என்றார்.

"உங்க கை நல்லாத்தான் இருக்குங்கய்யா. என் பாடுதான் திண்டாட்டம்."

வெளியே வந்து கணவனுக்குப் போன் போட்டாள்.

"லாரியை எங்க விட்டுட்டுப் போனீங்க?"

"வழக்கம்போல வாசல்லதான். ஏன்?"

"காலைப் பார்த்தீங்களா?"

மறுமுனையில் "ஐயய்யோ" என்று மட்டும் கேட்டது.

வேலை முடிந்ததும் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள். வழியெல்லாம் ஒரே யோசனை. காலொடிந்தபோது பார்த்துக்கொண்டு, குணமானதும் தெருவில் விடுவதா? மனசு கேட்கவில்லை. சரி, வீட்டைத்தான் விட்டாக வேண்டும். ஜன்னல் வெயிலை நினைத்தபோது அழுகை முட்டியது.

கேட்டைத் திறந்தாள். ஓனரம்மா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"மன்னிச்சிருங்கம்மா. தப்புதான். நாங்க வேற வீடு பார்த்துக்கிறோம்" என்று மூச்சு வாங்கினாள்.

"எதுக்கு? கட்டுதான் இருக்கே."

அவள் குனிந்து பார்த்தாள். நாற்காலிக்கு அடியிலிருந்து லாரி தலையை நீட்டியது. அதன் முன்னங்காலில் பூப்போட்ட துணி ஒன்று, முடிச்சு மேல் முடிச்சாக, தலையணை கனத்துக்குச் சுற்றியிருந்தது. அந்தக் கட்டைப் பார்த்ததும் தொழில் புத்தி சும்மா இருக்குமா? வாயை விட்டுவிட்டாள்.

"அம்மா, அடிபட்டது வலது கால். நீங்க கட்டியிருக்கிறது இடது கால்ல."

ஓனரம்மா நாயின் காலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகத்தில் அதே கடுகடுப்பு.

"அப்போ வலது கால்ல நீ கட்டு. ரெண்டும் நிதானமா ஆறட்டும்."