வளைந்த வேர்

"அந்தத் தண்ணிய மொதல்ல என் கையில ஊத்துங்க."

பல் டாக்டர் ஜெயமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதுளையில் கிளினிக் திறந்து ஆறு வருடமாகிறது. இப்படி ஒரு கிழவரை அவள் கண்டதில்லை. பூனாகலைத் தோட்டத்துக் காத்தமுத்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் எடுத்த பல் எக்ஸ்ரே படத்தை மேசையில் போட்டுவிட்டு நின்றபடியே விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்.

"கையில படக்கூடாது ஐயா. மணந்து பாருங்கோ."

முகர்ந்தார். முகம் கோணியது. "கிணத்துக்குப் போடுற குளோரின்! இத வாயில ஊத்திக்கவா பஸ் ஏறி வந்தது?"

"வாயில இல்ல, வேருக்குள்ள. வாயை றப்பரால மூடிப்போட்டுத்தான் விடுவன். இந்தப் பல்லின்ர வேர் வளைஞ்சு கிடக்கு. உள்ளுக்க அழுகலைச் சுரண்டவேணும். தண்ணி விடாட்டி சுரண்டுற ஊசி வளைவில திரும்பாது."

"நேரா போயிருமோ?"

"போகும். வேரில ஓட்டை விழும்."

"ஹல்துமுல்லை மலை வளைவுல லொறி நேரா பள்ளத்துக்குப் போன மாதிரி."

"அதேதான். இந்தத் தண்ணி விட்டா அழுகல் கரையும், ஊசியும் வழுக்கித் திரும்பும்."

"சொன்னா நம்பிருவேனா? செஞ்சு காட்டுங்க."

படிக்கிற காலத்தில் பழகிய பிளாஸ்டிக் துண்டுகளை ஜெயமலர் தேடி எடுத்தாள். கண்ணாடிபோலத் தெரியும் துண்டு, நடுவே வளைந்த துளை. வெறும் ஊசி வளைவில் முட்டிச் சுவரைக் குடைந்தது. அடுத்த துண்டில் திரவம் விட்டாள். ஊசி வளைவோடு வளைந்து அடிவரை இறங்கியது.

கிழவர் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் மூன்றாம் தடவை.

"ஊசி உள்ள ஒடஞ்சா?"

"நான்தான் பொறுப்பு."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். தாளைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசி வரிவரை பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தார்.

"புடுங்காமக் காப்பாத்திருவீங்கதானே?"

"காப்பாத்துவன் ஐயா. ஏறி இருந்து வாயைத் திறவுங்கோ."

காத்தமுத்து வாயைத் திறந்தார். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டையும் செட்டாகக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எந்த டாக்டரையும் ஒரு கேள்வி கேக்காம இருந்ததுக்கு எனக்குக் கெடைச்சது இது தாயி," என்றார் பொக்கை வாயோடு. பிறகு கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார். "இராக்கம்மா, நல்லா விசாரிச்சுட்டேன். ஒம் பல்லுக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாம உள்ள வா!"